டல்லாஸில் இரவு எட்டு மணி என்றால் சுவாமிமலையில் எத்தனை மணி? நல்ல உலகக் கடிகாரம் ஒன்று சொல்லுங்கள்

மெழுகும்_மண்ணும் (சுவாமிமலை)
10 அக்டோபர் 2025, இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஸ்தபதி. சிலை வேலை முழுக்க அவருடையது. ஆர்டர், பணம், பார்சல், வீடியோ கால் எல்லாம் என் தலையில். இப்போது கையில் இருப்பவை டல்லாஸ் இரண்டு, லெஸ்டர் ஒன்று, சிட்னி ஒன்று, சிங்கப்பூர் ஒன்று.

வார்ப்பைப் பார்க்க வேண்டும் என்று வெளிநாட்டில் இருப்பவர்கள் கேட்பது வழக்கமாகிவிட்டது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டலைப் பூசி, நிழலில் காயவைத்து, வரட்டி நெருப்பில் வைத்து மெழுகை இறக்குவோம். அச்சு சூடாக இருக்கும்போதே உலோகத்தை ஊற்றியாக வேண்டும். "ஒரு பத்து நிமிடம் பொறுங்கள், தாத்தா வந்துகொண்டிருக்கிறார்" என்று யார் சொன்னாலும் நிறுத்த முடியாது. மறுபடி ஒரு முறை ஊற்றிக் காட்டவும் முடியாது.

சென்ற மாதம் டல்லாஸ் குடும்பம் ஒன்று "சனிக்கிழமை இரவு 8 மணி, சி.எஸ்.டி." என்று செய்தி அனுப்பியது. சி.எஸ்.டி. என்பது அவர்கள் ஊர் நேரத்துக்கான மூன்றெழுத்து. நான் இணையத்தில் ஒரு நேரமாற்றியைத் திறந்து சி.எஸ்.டி. என்று போட்டேன். ஞாயிறு காலை 7:30 என்று வந்தது. அப்படியே அப்பாவிடம் சொன்னேன். 7:40க்கு ஊற்றினோம். என் போன் ஆணியில் தொங்கிய சட்டைக்குள் சைலண்டில் கிடந்தது. ஏழரைக்கு டேப்லெட்டை ஸ்டாண்டில் நிறுத்தி கால் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. எட்டு மணிக்கு போனைப் பார்த்தால் பதினொரு தவறிய அழைப்பு, எல்லாம் ஆறரையிலிருந்து ஏழேகாலுக்குள். கணவர் நினைவாக அந்த அம்மன் சிலையைச் செய்யச் சொன்ன பாட்டி பட்டுப்புடவை கட்டி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாராம்.

பதிவு செய்த வீடியோவை அனுப்பினேன். "பரவாயில்லை தம்பி" என்று ஒரே வரி பதில். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு வேண்டியது: காசில்லாத கருவி, பட்டறையில் உள்ள பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் ஓட வேண்டும், அப்பாவும் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். எதைப் போடலாம்?

கூத்தாநல்லூர்_சபுராளி_மகன் (கூத்தாநல்லூர்)
10 அக்டோபர் 2025, இரவு 10:15

எங்கள் ஊரில் இதற்கு ஆப் எல்லாம் கிடையாது தம்பி, சுவர்க் கடிகாரம்தான். வீட்டு ஹாலில் மூன்று தொங்குகிறது. நடுவில் நம் நேரம், வலது பக்கம் சிங்கப்பூர், இடது பக்கம் குவைத். பெரியவன் சிங்கப்பூரில், நமக்கு இரண்டரை மணி முன்னால். சின்னவன் குவைத்தில், இரண்டரை மணி பின்னால். உம்மா சுவரைப் பார்த்துவிட்டு "பெரியவன் வேலைக்குக் கிளம்பியிருப்பான், சின்னவன் இன்னும் எழுந்திருக்க மாட்டான்" என்பார். ஒருநாளும் தப்பியதில்லை. செலவு பேட்டரி மட்டும்தான்.

என் அத்தா சபுராளியாக (கடல் கடந்து பிழைக்கப் போனவராக) இருந்த காலத்தில் சிங்கப்பூர் நமக்கு இரண்டு மணிதான் முன்னால். 1982 ஜனவரி 1 அன்று அங்கே அரை மணி முன்னே தள்ளிக்கொண்டார்கள். அத்தா அதற்குப் பிறகும் ரொம்ப நாள் "ரெண்டு மணி" என்றே கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மன்னை_நைட்ஷிப்ட் (மன்னார்குடி)
10 அக்டோபர் 2025, இரவு 11:58

சபுராளி அண்ணே, உங்கள் சுவர் தப்பாததற்குக் காரணம் சிங்கப்பூரும் குவைத்தும். இரண்டு இடத்திலும் கோடை நேரம் என்று வருடா வருடம் முள்ளை ஒரு மணி முன்னே தள்ளி, பிறகு பின்னே இழுக்கும் வழக்கம் இல்லை. துபாய், சவூதி, கத்தார், மலேசியா எல்லாம் அப்படித்தான். அங்கெல்லாம் ஒருமுறை வித்தியாசத்தை மனப்பாடம் செய்தால் போதும். டல்லாஸ் கடிகாரத்தை மாட்டினால் வருடத்துக்கு இரண்டு முறை ஸ்டூல் போட்டு ஏற வேண்டும்.

தம்பி, அன்று அந்த நேரமாற்றி பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதற்குச் சரியாகவே பதில் சொன்னது. சி.எஸ்.டி.யில் நடு எழுத்து ஸ்டாண்டர்டு. டல்லாஸில் அந்த நேரம் நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரைதான். மிச்ச நாளெல்லாம் சி.டி.டி., அதாவது டேலைட். சி.எஸ்.டி. இரவு 8 என்றால் நமக்கு மறுநாள் காலை 7:30. சி.டி.டி. இரவு 8 என்றால் மறுநாள் காலை 6:30. செப்டம்பரில் அவர்கள் இருந்தது சி.டி.டி.யில். ஆனால் அங்கே இருப்பவர்கள் பாதிப் பேர் பன்னிரண்டு மாதமும் சி.எஸ்.டி. என்றே எழுதுவார்கள். நான் ஒன்பது வருடமாக அமெரிக்க கம்பெனிக்கு இரவு வேலை பார்க்கிறேன், என் மேனேஜரும் அப்படித்தான் எழுதுகிறார்.

இதில் இன்னொரு கூத்து, சீனா நேரத்துக்கும் சி.எஸ்.டி. என்றுதான் பெயர். நம் ஐ.எஸ்.டி.யை அயர்லாந்தும் இஸ்ரேலும் பங்கு கேட்கும். அதனால் எந்தக் கருவியானாலும் மூன்றெழுத்தைப் போடாதீர்கள். "ஜி.எம்.டி. மைனஸ் 6" (கிரீன்விச் நேரத்துக்கு ஆறு மணி பின்னால்) என்றும் போடாதீர்கள், அது முள்ளை மாற்றாமல் அப்படியே நிற்கும். ஊர்ப் பெயரைப் போடுங்கள். டல்லாஸ் என்று போட்டால் எந்தத் தேதியில் மாற வேண்டும் என்பது கருவிக்கே தெரியும்.

வயல்நண்டு (திருத்துறைப்பூண்டி)
11 அக்டோபர் 2025, காலை 6:20

கூகுளில் "டல்லாஸ் நேரம்" என்று கேட்டால் சொல்லிவிடுமே, இதற்கு ஒரு இழையா?

மெழுகும்_மண்ணும் (சுவாமிமலை)
11 அக்டோபர் 2025, காலை 7:05

@வயல்நண்டு, அது இப்போது என்ன மணி என்று சொல்லும். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு என்ன மணியாக இருக்கும் என்பதுதான் என் கேள்வி. அதுவும் மழைக்காலத்தில் தேதியே முன்பின் நகரும். ஈர அச்சில் உலோகம் பட்டால் தெறிக்கும், ஆளுக்கே ஆபத்து. அச்சு காய்ந்ததா என்று அப்பா தட்டிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் நாள் குறிப்போம். இரண்டு நாள் முன்னால்தான் எல்லோருக்கும் செய்தி போகும்.

@மன்னை அண்ணே, நன்றி. நான் எழுத்துப் பிழை எதுவும் செய்யவில்லையே என்று ஒரு மாதமாகக் குழம்பிக்கொண்டிருந்தேன்.

கொடிக்கால்_டீச்சர் (கும்பகோணம்)
11 அக்டோபர் 2025, காலை 10:30

மகள் லண்டனில் பதினாறு வருடமாக இருக்கிறாள். நான் வைத்திருக்கும் கருவி என் மணிக்கட்டில் இருக்கிறது. குளிர்காலத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் லண்டன் நேரம் தெரியும். நம்பாதவர்கள் கையோடு செய்து பாருங்கள். இங்கே பத்து மணி பத்து நிமிடம். தலைகீழாகத் திருப்பினால் சின்ன முள் நாலைத் தாண்டி நிற்கும், பெரிய முள் எட்டில், அதாவது நாற்பது நிமிடம். 4:40. நமக்கும் லண்டனுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம் என்பதால் இப்படி அமைகிறது. எண்கள் இல்லாமல் கோடு மட்டும் போட்ட கடிகாரமாக இருந்தால் இன்னும் வசதி.

மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்களுக்குக் கோடை நேரம், அப்போது வித்தியாசம் நாலரை. தலைகீழாகப் பார்த்து ஒன்றைக் கூட்டிக்கொள்வேன். தம்பியின் லெஸ்டர் வாடிக்கையாளருக்கும் இதேதான், அங்கே நாடு முழுவதற்கும் ஒரே நேரம்.

மன்னை_நைட்ஷிப்ட் (மன்னார்குடி)
11 அக்டோபர் 2025, மதியம் 1:12

டீச்சர், அருமை. இப்போதுதான் எழுந்தேன், எழுந்ததும் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. 12:40க்குத் திருப்பினால் பெரிய முள் பத்து நிமிடத்தில் நிற்கிறது, சரி. சின்ன முள் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில், ஆறைத் தாண்டி முக்காலுக்குக் கொஞ்சம் முன்னே நிற்கிறது. அது 6:10ஆ, 7:10ஆ? 12:40லிருந்து ஐந்தரை கழித்தால் 7:10தான் விடை. அதாவது தலைகீழாகப் பார்க்கும்போது சின்ன முள் எப்போதும் அரை மணி பிசகி நிற்கும்.

கொடிக்கால்_டீச்சர் (கும்பகோணம்)
11 அக்டோபர் 2025, மதியம் 2:40

முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவளிடம் பிசகு கண்டுபிடித்துவிட்டீர்கள், சபாஷ். லண்டனுக்குச் சின்ன முள் அரை மணி பின்தங்கி நிற்கும். அதனால் சந்தேகம் வந்தால் முன்னால் இருக்கும் மணியை எடுக்க வேண்டும். எனக்குக் கை பழகிவிட்டது, சொல்ல மறந்துவிட்டேன்.

இதே கடிகாரம் தம்பியின் சிட்னிக்கும் உதவும். அக்டோபர் முதல் ஞாயிறு அங்கே முள்ளை முன்னே தள்ளினார்கள், இப்போது நமக்கு ஐந்தரை மணி முன்னால். அதே தலைகீழ்தான், ஆனால் அங்கே சின்ன முள் அரை மணி முந்தி நிற்கும். 12:40க்குத் திருப்பினால் லண்டனில் காலை 7:10, சிட்னியில் மாலை 6:10. லண்டன் பாதி இந்த மாதம் 26ஆம் தேதிக்குப் பிறகுதான் சரியாக வரும்.

நாகை_கப்பல் (நாகப்பட்டினம்)
11 அக்டோபர் 2025, இரவு 8:03

எஞ்சின் ரூமில் இருபது வருடம். கப்பல் கிழக்கே போனால் ராத்திரியில் ஒரு மணி முன்னே தள்ளுவோம், மேற்கே போனால் பின்னே இழுப்போம். கிழக்கே போகும் ராத்திரி தூக்கத்தில் ஒரு மணி போச்சு. ஆனால் ரேடியோவுக்கும் பதிவேடுகளுக்கும் யூ.டி.சி. என்று உலகத்துக்கே பொதுவான ஒரே நேரம், அதற்குத் தனிக் கடிகாரம், அதை யாரும் தொடக் கூடாது. பட்டறையிலும் அப்படி ஒன்று வைத்து, எல்லோருக்கும் யூ.டி.சி. நேரம் சொல்லிவிடுங்கள். அவரவர் ஊருக்கு அவரவர் மாற்றிக்கொள்ளட்டும்.

பேராவூரணி_கயிறு (பேராவூரணி)
11 அக்டோபர் 2025, இரவு 9:26

@நாகை_கப்பல் அண்ணே, அது கப்பலுக்குச் சரி. பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் "அதிகாலை 1 மணி யூ.டி.சி." என்று சொன்னால் அவர் எந்த ராத்திரி என்று கேட்பார்.

நான் தென்னை நார் ஏற்றுமதி செய்கிறேன். ஏழு வருடமாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

போனிலேயே இருக்கும் கடிகார ஆப்பில் உலகக் கடிகாரம் உண்டு. ஊரைச் சேர்த்தால் போதும். "இப்போது கூப்பிடலாமா, தூங்குவார்களா" என்பதற்கு அதற்கு மேல் வேண்டியதில்லை. விண்டோஸ் கணினியில் கீழே இருக்கும் கடிகாரத்துடன் இன்னும் இரண்டு ஊர்களைச் சேர்க்கலாம். இதற்காக ஒரு தனி ஆப்பை இறக்க வேண்டாம். நான் இறக்கிய ஒன்று என் தொடர்பு எண்களையெல்லாம் கேட்டது. கடிகாரத்துக்கு என் மாமனார் நம்பர் எதற்கு? இன்னொன்றில் விரலால் நகர்த்தினால் ஒவ்வொரு மணியாகத்தான் நகரும், நம் அரை மணியை அது விழுங்கிவிடும். இந்தியாவில் இருப்பவன் எந்தக் கருவியையும் முதலில் 6:30 போட்டுச் சோதிக்க வேண்டும்.

வரப்போகும் நாளுக்குக் கணக்குப் பார்க்க டைம் அண்ட் டேட் தளத்தில் மீட்டிங் பிளானர் என்று ஒன்று இருக்கிறது. முதலிலேயே தேதியைக் கேட்கும், எனக்கு அதில் பிடித்ததே அதுதான். தேதியைக் கேட்காமல் நேரத்தை மாற்றித் தருகிற எதையும் நான் இப்போது நம்புவதில்லை. ஊர்களைக் கொடுத்தால் மணிவாரியாகக் கட்டம் போட்டுக் காட்டும், பச்சை என்றால் நல்ல நேரம், சிவப்பு என்றால் ஆள் தூங்கும் நேரம். எழுத்து தெரியாவிட்டாலும் நிறம் தெரியும், உங்கள் அப்பாவுக்கு ஒத்துவரும். வேர்ல்ட் டைம் படி (World Time Buddy) என்ற தளத்தில் ஊர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பட்டையாக வரும், மணிகள் மேலும் கீழும் நேராக இருக்கும். கணினியில் பார்க்க அதுதான் அழகு. சின்னத் திரையில் எனக்குக் கண் வலித்தது.

நேரத்தை விடக் கிழமைதான் என்னை அதிகம் படுத்தியது. ஒருமுறை "திங்கள் காலை" என்று நான் சொல்ல, கலிபோர்னியாக்காரர் அவருடைய திங்கள் காலை வந்து உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அப்போது திங்கள் ராத்திரி, ஒரத்தநாட்டில் கல்யாண வரவேற்பில் இருந்தேன். அதிலிருந்து இரண்டு ஊர்க் கிழமையையும் எழுதாமல் செய்தி அனுப்புவதில்லை.

மெழுகும்_மண்ணும் (சுவாமிமலை)
12 அக்டோபர் 2025, காலை 8:17

@பேராவூரணி அண்ணே, ராத்திரியே உட்கார்ந்து பிளானரைப் பார்த்தேன். டல்லாஸ், லெஸ்டர், சிட்னி, சிங்கப்பூர், சென்னை என்று ஐந்தையும் போட்டேன். ஐந்தும் பச்சையாக இருக்கும் மணி ஒன்றுகூட இல்லை. அப்பாவிடம் காட்டினேன். "எல்லாரும் ஒரே நேரத்தில் முழிச்சிருக்கணும்னு ஏன் எதிர்பார்க்கிறே, ஒரு வார்ப்புக்கு ஒரு வீடுதானே" என்றார். அதுவும் சரிதான்.

மன்னை_நைட்ஷிப்ட் (மன்னார்குடி)
12 அக்டோபர் 2025, மதியம் 2:30

தம்பி, பழைய டேப்லெட் என்றீர்கள். ஒரு சோதனை செய்யுங்கள். அதன் கடிகார ஆப்பில் மெக்சிகோ சிட்டியைச் சேர்த்துவிட்டு நமக்கு எத்தனை மணி பின்னால் என்று காட்டுகிறது, சொல்லுங்கள்.

மெழுகும்_மண்ணும் (சுவாமிமலை)
12 அக்டோபர் 2025, மாலை 4:51

டேப்லெட்டில் பத்தரை மணி பின்னால். என் போனில் பதினொன்றரை மணி பின்னால். ஒரே ஊர், ஒரே மேசை, இரண்டு நேரம்! எது சரி?

மன்னை_நைட்ஷிப்ட் (மன்னார்குடி)
12 அக்டோபர் 2025, மாலை 6:10

போன் சரி. மெக்சிகோவின் பெரும்பகுதி 2022 அக்டோபரோடு கோடை நேரத்தைக் கைவிட்டுவிட்டது. டேப்லெட்டுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

போன், கணினி பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது ஒரே தரவுத்தளம், ஐயானா என்ற அமைப்பு வெளியிடுவது. எந்த ஊர் எந்த வருடம் முள்ளை எப்படி மாற்றியது என்ற பட்டியல் அது. ஊர்ப் பெயர்தான் அதில் சாவி. இந்தியா முழுவதும் "ஏசியா/கொல்கத்தா" என்ற ஒரே பெயரில் வரும், டல்லாஸ் "அமெரிக்கா/சிகாகோ" என்பதில் வரும். ஒரு நாடு விதியை மாற்றினால் பட்டியலும் மாறும். ஜோர்டானும் சிரியாவும் 2022இல் முள்ளை மாற்றுவதை நிறுத்தின. எகிப்து விட்டதை 2023இல் மறுபடி பிடித்துக்கொண்டது. ஆண்ட்ராய்டு 10 முதல் இந்தப் பட்டியல் பிளே ஸ்டோர் வழியாகவே புதுப்பிக்கப்பட வழி வந்தது. அதற்கு முந்திய கருவிகளுக்கு, செய்த கம்பெனி மனம் வைத்து அப்டேட் அனுப்பினால்தான் உண்டு.

பயப்பட வேண்டாம், அமெரிக்க விதி 2007க்குப் பிறகு மாறவில்லை, உங்கள் டல்லாஸ் நேரம் டேப்லெட்டிலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மாற்றிவிட வேண்டும் என்ற பேச்சு அங்கே ஓயவில்லை. 2022இல் செனட் ஒரு மசோதாவை நிறைவேற்றியது, அதற்கு மேல் நகரவில்லை. நாளைக்கு மாறினால் டேப்லெட் பழைய பாட்டையே பாடும். நேரம் பார்க்க போன், வீடியோவுக்கு டேப்லெட் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனை அக்டோபர் 25 வரைதான் செல்லும். 26இல் பழைய கணக்கும் பதினொன்றரைக்கு வந்து நிற்கும், வித்தியாசம் தெரியாது.

வயல்நண்டு (திருத்துறைப்பூண்டி)
12 அக்டோபர் 2025, இரவு 7:44

என் போனிலும் பத்தரை. கூகுளைக் கேட்டால் போதும் என்று நேற்று சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் போனை மாற்றலாம் என்று வீட்டில் சொல்ல ஒரு காரணம் கிடைத்தது.

பாபநாசம்_பஞ்சாங்கம் (பாபநாசம்)
13 அக்டோபர் 2025, காலை 5:15

எல்லோரும் மணியைப் பேசுகிறீர்கள். சிலைக்கு முகூர்த்தம் என்று ஒன்று இருக்கிறதே. அதிலும் இதே குழப்பம் வாரம் ஒரு போனாவது வரும்.

திதி, நட்சத்திரம் முடிவது உலகம் முழுவதும் ஒரே கணம். நம் பஞ்சாங்கத்தில் இருக்கும் இந்திய நேரத்தை அவர்கள் ஊர் நேரத்துக்கு மாற்றினால் போதும், உலகக் கடிகாரம் அதற்கு உதவும். ராகு காலம் அப்படி இல்லை. அது அந்த ஊர்ச் சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து வருவது. ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டாவது பங்கு. காலண்டரில் 4:30 முதல் 6 வரை என்று அச்சடித்திருப்பது ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அஸ்தமனம் என்ற கணக்கில். டிசம்பர் கடைசியில் லண்டனில் எட்டு மணிக்குத்தான் விடியும், நான்கு மணிக்குள் இருட்டிவிடும். அங்கே ஞாயிறு ராகு காலம் கிட்டத்தட்ட மூன்று மணிக்குத் தொடங்கி நான்குக்குச் சற்று முன்னே முடிந்துவிடும். சிலர் நம் நாலரையை லண்டன் நேரமாக மாற்றி, மதியம் பன்னிரண்டுக்கு விளக்கேற்றாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தம்பி, கண் திறப்புக்கு உங்கள் பட்டறை நேரம்தான் கணக்கு, அது நடக்கும் இடம் சுவாமிமலை. அங்கே கோயிலில் வைக்கும் நாளுக்கு அவர்கள் ஊரைப் போட்டுப் பார்க்கும் பஞ்சாங்கம்தான் வேண்டும்.

நம் ஊரிலேயே கடிகாரமும் சூரியனும் ஒத்துப்போகாது என்பதையும் சொல்லி வைக்கிறேன். இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு. கும்பகோணம் அதற்கு மேற்கே மூன்று டிகிரிக்கும் சற்று அதிகம். அதனால் இங்கே சராசரியாக உச்சி வேளை 12 மணி 12 நிமிடத்தை ஒட்டித்தான். திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் மதிலில் சூரியக் கடிகாரம் இருக்கிறதே, அதைப் பார்ப்பவர்கள் நிழல் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு போனைப் பார்ப்பார்கள். நிழல் தன் ஊர் நேரத்தைச் சொல்கிறது.

நாகை_கப்பல் (நாகப்பட்டினம்)
13 அக்டோபர் 2025, காலை 9:02

அந்தக் காலத்தில் சென்னைக்கே தனி நேரம் இருந்தது, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். ரயில்கள் அந்த மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின. 1906இல்தான் ஐந்தரை வந்தது. ஒன்பது நிமிடத்தை அன்று கூட்டினோம், இன்றைக்கும் ஆள் வருவது தாமதமாகத்தான்.

வயல்நண்டு (திருத்துறைப்பூண்டி)
13 அக்டோபர் 2025, காலை 9:10

நேரம் கிடக்கட்டும், கொள்முதல் நிலையத்தில் எங்கள் குறுவை நெல் இன்னும் எடைக்கு வரவில்லை. மழை இறங்கினால் மூட்டை முளைத்துவிடும். அதற்கு ஏதாவது கடிகாரம் இருக்கிறதா?

மட்டுறுத்துநர்
13 அக்டோபர் 2025, காலை 9:40

நெல் கொள்முதலுக்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே போடுங்கள். என் மூட்டைகளும் அங்கேதான் நனைகின்றன.

மெழுகும்_மண்ணும் (சுவாமிமலை)
14 அக்டோபர் 2025, இரவு 10:08

இன்னொரு கேள்வி. லெஸ்டர்காரருடன் வாரா வாரம் ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பேசுகிறோம், வேலை எதுவரை என்று காட்ட. 26ஆம் தேதி அங்கே முள் மாறுமாமே. அப்போது யார் மாற வேண்டும்? நானா, அவரா?

பேராவூரணி_கயிறு (பேராவூரணி)
14 அக்டோபர் 2025, இரவு 10:45

அதை யாராவது ஒருவர் வாய் திறந்து கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டும், கருவி தீர்க்காது. கூகுள் காலண்டரில் அழைப்பு அனுப்பினால் அது எந்த ஊர் நேரத்தில் நிற்க வேண்டும் என்று குறிக்கலாம். இந்திய நேரத்தில் நிறுத்தினால் உங்கள் ஆறு மணி ஆறாகவே இருக்கும், அவருக்கு மதியம் 1:30 ஆக இருந்தது 12:30 ஆகும். லண்டன் நேரத்தில் நிறுத்தினால் அவருடைய 1:30 அசையாது, நீங்கள் ஏழு மணிக்கு உட்கார வேண்டும்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். வாடிக்கையாளர் காசு கொடுப்பவர், அதனால் பேச்சு அவர் ஊர் நேரத்தில். வார்ப்பு மாதிரி காத்திருக்காத வேலை நம் ஊர் நேரத்தில்.

கொடிக்கால்_டீச்சர் (கும்பகோணம்)
14 அக்டோபர் 2025, இரவு 11:02

ஞாயிறு மதியம் 12:30 என்றால் அவர்கள் சாப்பிடும் நேரம். அவருடைய 1:30லேயே விடுங்கள் தம்பி.

மெழுகும்_மண்ணும் (சுவாமிமலை)
26 அக்டோபர் 2025, இரவு 7:50

ஏழு மணிக்குப் பேசி முடித்தேன், லெஸ்டர்காரர் சரியாக வந்தார். அவர் மனைவி மட்டும் பழைய கணக்கில் ஒரு மணி முன்பே சாப்பாடு எடுத்து வைத்துவிட்டாராம்.

டல்லாஸ் பாட்டி வீட்டில் இன்னொரு சின்னச் சிலை கேட்டிருக்கிறார்கள், நந்தி. அச்சு காய்ந்துகொண்டிருக்கிறது. ஐப்பசி மழை விட்ட பாடில்லை, அப்பா தினமும் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார். நவம்பர் 2 என்று நினைத்திருந்தோம், 9க்குப் போகும் போலிருக்கிறது.

மன்னை_நைட்ஷிப்ட் (மன்னார்குடி)
26 அக்டோபர் 2025, இரவு 8:31

கவனம். நவம்பர் 2 ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு டல்லாஸில் முள் பின்னே போகும், நமக்கு அது ஞாயிறு மதியம் 12:30. 2ஆம் தேதி காலையே ஊற்றினால் அவர்களுடைய சனி இரவு 8 நமக்கு 6:30. 9ஆம் தேதி ஊற்றினால் அதே சனி இரவு 8 நமக்கு 7:30. இப்போது லண்டன் மாறிவிட்டது, அமெரிக்கா மாறவில்லை. இந்த ஒரு வாரம் அவர்களுக்குள்ளேயே கணக்கு இடிக்கும், என் வேலையில் இந்த வாரம் எப்போதும் ஒரு மீட்டிங்காவது ஆளில்லாமல் போகும்.

மெழுகும்_மண்ணும் (சுவாமிமலை)
9 நவம்பர் 2025, காலை 11:20

நந்தி வார்ப்பு முடிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அப்பா சரி என்றார். உடனே டைம் அண்ட் டேட்டில் நிகழ்ச்சி நேரத்தை அறிவிக்கும் பக்கம் ஒன்று இருக்கிறதே, அதில் 9ஆம் தேதி காலை 7:30, சென்னை என்று போட்டேன். ஒரு இணைப்பு கிடைத்தது, திறந்தால் ஊர்வாரியாக நேரம் வருகிறது. அதை அனுப்பி, கீழே கையாலும் எழுதினேன்: "உங்கள் டல்லாஸில் சனிக்கிழமை இரவு 8:00. எங்கள் சுவாமிமலையில் ஞாயிற்றுக்கிழமை காலை 7:30." சி.எஸ்.டி. என்ற எழுத்தையே தொடவில்லை. அவர்கள் பதிலுக்கு "ஓகே தம்பி, 8 பி.எம். சி.எஸ்.டி." என்று அனுப்பினார்கள். சிரித்துவிட்டேன். இந்த முறை அது சரி.

7:20க்கே வந்துவிட்டார்கள். பாட்டி நடுவில், அதே பட்டுப்புடவையா என்று தெரியவில்லை. டேப்லெட்டை ஸ்டாண்டில் வைத்து, போனைச் சத்தமாக வைத்துப் பட்டறைப் பையனிடம் கொடுத்திருந்தேன். அச்சு வாயில் ஊற்றும்போது பச்சையும் ஆரஞ்சுமாகச் சுடர் எழும். அதைப் பார்த்ததும் பாட்டி ஏதோ சொன்னார், உலைச் சத்தத்தில் கேட்கவில்லை. பையன் பிறகு சொன்னான், "அந்த அம்மா உங்கள் அப்பா கையில் சூடு படப் போகிறது என்று பயந்தார்" என்று.

இன்னொன்று. டீச்சர் சொன்ன விஷயத்தை அப்பாவிடம் எப்போதோ சொல்லியிருந்தேன். நேற்று பார்த்தால் பட்டறைச் சுவரில், நம் கடிகாரத்துக்குப் பக்கத்தில், எண் இல்லாமல் கோடு மட்டும் போட்ட ஒரு கடிகாரம் தலைகீழாகத் தொங்குகிறது. பெரிய தெருவில் வாங்கினாராம். கீழே சாக்பீஸால் எழுதியிருக்கிறார்: லெஸ்டர், சிட்னி. வேலையாட்கள் இரண்டு பேர் அதைச் சரி செய்ய ஸ்டூலில் ஏறியிருக்கிறார்கள், அப்பா விடவில்லை.

கொடிக்கால்_டீச்சர் (கும்பகோணம்)
9 நவம்பர் 2025, மதியம் 12:05

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். லெஸ்டருக்கு மார்ச் 29 வரை, சிட்னிக்கு ஏப்ரல் 5 வரை அப்படியே தொங்கட்டும். சாக்பீஸால் அந்தத் தேதிகளையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.